ஓலை வாரிய மடக்குக்கத்தி... பாளை சீவும் அரிவாள்!

பிரான்ஸில் ஒரு மலைக் கிராமம். ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் மக்கள்தொகை. 2012-ம் ஆண்டு அந்த ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி, ஊர் எல்லையில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். ‘எங்கள் ஊர்ப் பெயர் இனி எங்களுடையது இல்லையாம். பிறகு பலகை எதற்கு?’ என்பதுதான் போராட்டத்தின் சாரம்.

அந்த ஊர் லகியோல். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘லயோல்’. சண்டை நிலத்துக்காகவோ தண்ணீருக்காகவோ நடக்கவில்லை. சட்டைப்பையில் அடங்கும் ஒரு மடக்குக்கத்திக்காக நடந்தது.

1829-ல் பியேர் ஜான் கால்மல்ஸ் என்ற கொல்லர் அந்த ஊரில் வடித்த கத்தி அது. ஆடு, மாடு மேய்க்கிறவர்கள் இடுப்பில் வைத்துக்கொள்வதற்கானது. மெல்லிய, நீண்ட தகடு. மாட்டுக்கொம்பில் கைப்பிடி. கொஞ்ச காலத்தில் கத்தியோடு கூடவே ஒரு குத்தூசியும் சேர்ந்தது. தோலில் துளை போடலாம். பசும்புல்லை அளவுக்கு மீறித் தின்று வயிறு உப்பிப்போன மாட்டுக்கு, அவசரத்தில் வயிற்றில் குத்திக் காற்றை இறக்கவும் செய்யலாம். 1880 வாக்கில் மூன்றாவதாக ஒரு திருகு சேர்ந்தது. அந்த மலைப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி பாரிஸுக்குப் போனவர்கள் அங்கே சாப்பாட்டுக் கடைகள் நடத்த ஆரம்பித்திருந்தார்கள். ஒயின் பாட்டில் தக்கையைத் திறக்க ஏதாவது வேண்டுமே! மாடு மேய்த்தவனின் கத்தி, கடை முதலாளியின் கத்தியான கதை இது.

1993-ல் வெளியூர் வணிகர் ஒருவர் அந்த ஊரின் பெயரைத் தன் வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்தார். அதன்பிறகு ஊருக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் செய்த கத்தியும் முள்கரண்டியும் லைட்டரும் ‘லகியோல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. ஊர் வழக்குப் போட்டது. தோற்றது. பலகையைக் கழற்றியது அந்தத் தோல்விக்குப் பிறகுதான். கடைசியில் 2019-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்று, அந்தப் பதிவுகளில் பலவற்றை ரத்து செய்தது. ஒரு கத்தியின் பெயருக்காக இத்தனை வருஷம் கோர்ட் படி ஏறியிருக்கிறார்கள்.

பிரான்ஸில் இது தனிக்கதை இல்லை. அங்கே வட்டாரத்துக்கு ஒரு மடக்குக்கத்தி உண்டு. நோன்த்ரோன் ஊர்க் கத்திக்குப் புதர் மரக் கட்டையில் கைப்பிடி. அதில் சூடு வைத்துப் போட்ட சின்னச் சின்ன அடையாளங்கள். சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினல் என்ற 18 வயது இளைஞர் 1890-ல் செய்த ஒப்பினல் கத்தி, இன்றைக்கு உலகம் முழுக்கப் போகிறது. பீச் மரக் கைப்பிடி, ஒற்றைத் தகடு, அவ்வளவுதான். 1955-ல் தகடு தானாக மடங்கி விரலை நறுக்காமல் இருக்க ஒரு வளையம் சேர்த்தார்கள். திருகினால் பூட்டிக்கொள்ளும்.

இந்தக் கத்திகளில் பெரும்பாலானவை பிறந்த ஊர் எது தெரியுமா? தியேர். துரோல் ஆற்றங்கரையில் நூற்றாண்டுகளாகக் கத்தி மட்டுமே செய்யும் நகரம். லகியோல் கத்திகளில்கூட பெரும்பங்கு அங்கே செய்ததுதான். ஆற்று நீரில் சுழலும் சாணைக்கல்லுக்கு மேலே பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்துக்கொண்டு நாள் முழுக்கச் சாணை பிடிப்பார்கள் தொழிலாளர்கள். குளிரில் கால் விறைத்துவிடாமல் இருக்க, வளர்ப்பு நாய் அவர்கள் கால்மேல் படுத்துக்கொள்ளும்! அந்தக் காலத்துப் படங்களில் நாயும் ஒரு தொழிலாளி மாதிரியே இருக்கிறது.

சரி, இதற்கும் தூத்துக்குடிக்கும் என்ன சம்பந்தம்?

இரும்பின் ஊர்

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், முதுமக்கள் தாழிகளுக்கு உள்ளும் வெளியிலும் 85-க்கும் மேற்பட்ட இரும்புப் பொருள்கள் கிடைத்தன. கத்தி, அம்புமுனை, உளி, கோடரி, வாள், வளையம் எல்லாம் அதில் உண்டு. அங்கே எடுத்த கரி மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 3345 என்று வந்தது. உலகத் தொல்லியல் வட்டாரத்தில் இந்தத் தேதி பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேலும் இடங்களில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், தாமிரபரணிக் கரையில் மிகப் பழைய காலத்திலேயே இரும்பைக் காய்ச்சி அடித்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

பக்கத்திலேயே ஆதிச்சநல்லூர். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டியபோது அங்கும் ஏராளமான இரும்புக் கருவிகள் வந்தன. 1903-ல் அங்கே தோண்ட வந்த இன்னொருவர் பிரெஞ்சுக்காரர், லூயி லப்பிக். அவர் எடுத்தவை பாரிஸுக்குப் போயின. கத்திக்குப் பேர்போன நாட்டுக்குத் தூத்துக்குடி மண்ணிலிருந்து போன பழம்பொருள்கள் என்று சொல்லலாம்.

அதற்கு முன்பே இன்னொரு பயணம் நடந்திருக்கிறது. தென்னிந்திய உருக்கு கடல் தாண்டிப் போய், மேற்கு ஆசியாவில் அலை அலையாகக் கோடு ஓடும் டமாஸ்கஸ் வாள்களானது. 1820-களில் பாரிஸ் நாணயச்சாலையில் வேலை பார்த்த ப்ரெயான் என்பவர், அந்த உருக்கின் ரகசியத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று நூற்றுக்கணக்கான முறை காய்ச்சிப் பார்த்தார். லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் அதே காலத்தில் அதே வேலையில் இறங்கினார். ஆமாம், மின்சாரம் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதே ஃபாரடேதான். கொல்லர் வீட்டில் பிறந்தவர் அவர்.

நம்முடைய மடக்குக்கத்தி

மடக்குக்கத்தி என்றதும் இன்றைக்கு நம் நினைவுக்கு வருவது சினிமா வில்லன். ‘சடக்’ என்று பிரிப்பானே, அந்தக் கத்தி. ஆனால், தமிழ்நாட்டில் மடக்குக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர்கள் ரவுடிகள் இல்லை. தமிழ் வாத்தியார்கள், கணக்குப்பிள்ளைகள், புலவர்கள்!

அதன் பெயர் மடக்கெழுத்தாணி.

ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி ஒரே மாதிரி இருக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1940-ல் வார இதழ் தொடராக எழுத ஆரம்பித்த ‘என் சரித்திரம்’ நூலில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தலை கனமாக இருந்தால் குண்டெழுத்தாணி. ஒரு நுனியில் ஊசி, மறு நுனியில் கத்தி என்று நீளமாக இருந்தால் வாரெழுத்தாணி. அதற்குப் பனையோலையிலேயே உறை செய்து செருகி வைப்பார்கள். மூன்றாவதுதான் மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் எழுத்தாணி, ஒரு பக்கம் கத்தி. இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். கைப்பிடி மரம், மாட்டுக்கொம்பு அல்லது தந்தம்.

லகியோல் கத்தியை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரு தகடு, ஒரு குத்தூசி, மாட்டுக்கொம்புக் கைப்பிடி. அங்கே மாடு மேய்க்கிறவருக்கு அமைந்த அதே அமைப்பு, இங்கே எழுதுகிறவருக்கு அமைந்திருக்கிறது. யாரையும் பார்த்து யாரும் செய்ததில்லை. கூர்மையான இரண்டு சாமான்களை ஒரே ஆள் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்றால், மடக்கித்தானே ஆக வேண்டும்?

எழுதுகிறவருக்குக் கத்தி எதற்கு? ஓலை வாருவதற்கு. பனங்குருத்தோலையை எடுத்து, நடுவில் இருக்கும் ஈர்க்கைக் கழித்து, இரண்டு ஓரத்தையும் ஒரே அளவாகச் சீவி எடுப்பதுதான் வாருதல். பிறகுதான் எழுத்து. இடதுகைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறை மாதிரி ஒரு பள்ளம் வைத்திருப்பார்கள். எழுத்தாணியின் முனை அந்தப் பள்ளத்தில் தாங்கி நிற்கும். எழுதி முடித்ததும் மையோ இலைச்சாறோ தடவித் துடைத்தால் கீறல்களில் மட்டும் நிறம் தங்கி, எழுத்து தெரியும்.

இந்த இரும்பு முனை நம் எழுத்தையே மாற்றிவிட்டது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை ஓட்டையாகிவிடும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ‘எ’ எது, ‘ஏ’ எது என்ற குழப்பமும் இதிலிருந்து வந்ததுதான். அதைத் தீர்க்க ‘ஏ’, ‘ஓ’ எழுத்துகளை மாற்றியவர் வீரமாமுனிவர் என்பார்கள். 1710-ல் இந்தியாவுக்கு வந்த அவர் தொடக்க காலத்தில் தங்கிய ஊர்களில் ஒன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் காமநாயக்கன்பட்டி.

எழுத்தாணிக்குப் போட்டியும் இந்தக் கடற்கரையை ஒட்டித்தான் வந்தது. புன்னைக்காயலில் இருந்து முத்துக்குளித்துறை மக்களிடையே வேலை செய்த அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. 1600-ல் இறந்த அடிகளாரின் கல்லறை தூத்துக்குடியில் இருக்கிறது. ஆனாலும் அச்சு வந்த மறுநாளே எழுத்தாணி போய்விடவில்லை. இன்னும் 300 வருஷம் இடுப்பில்தான் இருந்தது.

அதை ஓரங்கட்டியது காகிதமும் கச்சேரி உத்தியோகமும். வெள்ளைக்காரன் ஆபீஸில் பறவை இறகுதான் பேனா. முனை மழுங்கினால் சீவ ஒரு குட்டிக் கத்தி வேண்டும். பேனாவைச் சீவுவதால் அது பேனாக்கத்தி. இறகும் போய், மைக்கூடும் போய், பால்பாயின்ட்டும் போகப்போகிறது. பெயர் மட்டும் நிற்கிறது. இன்றைக்கும் மாங்காய் நறுக்க பேனாக்கத்தி கேட்கிறோம்!

முத்துக்குக் கத்தி வேண்டாம்

முத்துக்குளித்துறை என்றால் சிப்பியைக் கத்தியால் நெம்பித் திறந்து முத்தெடுப்பார்கள் என்றுதானே தோன்றும்? அப்படி நடந்தது கொஞ்சம்தான். சலாபம் நடக்கும் காலத்தில் லட்சக்கணக்கில் சிப்பி கரைக்கு வரும். ஒவ்வொன்றாகத் திறந்தால் எப்போது முடிப்பது? ஏலத்தில் எடுத்தவர்கள் குவித்து வைத்து அழுக விட்டுவிடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்தபிறகு, கழுவிக் கழுவி முத்தை அரிப்பார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத வெள்ளைக்காரர் இல்லை.

கத்திக்கு வேலை இருந்தது சலாபத்துக் கடைத்தெருவில்தான். குளிகாரர்கள் கூலியாகத் தங்கள் பங்குச் சிப்பிகளை வாங்கிக்கொண்டு வந்து சில்லறையாக விற்பார்கள். நான்கைந்து சிப்பி வாங்கி, அங்கேயே நின்று கத்தியால் திறந்து பார்ப்பது ஒரு சூதாட்டம். லாட்டரிச் சீட்டைச் சுரண்டுகிற மாதிரி!

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கப்புறம் முத்துக்காக இங்கே கையில் எடுத்தது அறுவைக்கத்தி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், ஒரு சிப்பியின் சதை மடிப்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டை வெட்டி எடுத்து, ஓட்டு மணி ஒன்றோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைத்தார்கள். 1973-ல் உருண்டையான வளர்ப்பு முத்து கிடைத்தது.

தேரிக்காட்டுக் கூர்மை

எழுத்தாணி போய்விட்டது. முத்துக்குளிப்பும் போய்விட்டது. ஆனால், இந்த மாவட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு வட்டாரக் கத்தி உண்டு. உடன்குடி, திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேல் என்று கிடக்கும் தேரி மணலில் பனையேறுகிறவர்களின் பாளை அரிவாள்.

வெட்டுகிற அரிவாள் வேறு, சீவுகிற அரிவாள் வேறு. பனையேறி இரண்டு வைத்திருப்பார். காய்ந்த மட்டையைக் கழிக்க ஒன்று. பாளையைச் சீவ ஒன்று. பாளை அரிவாளின் தகடு அகன்று, வளைந்து இருக்கும். அதன் வேலை ஒன்றே ஒன்றுதான். பாளையின் நுனியில் தாள் கனத்துக்கு ஒரு சீவல். அதற்கு மேல் எடுத்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீசன் முடியும்வரை வராது. கூர் மழுங்கிய அரிவாளால் சீவினால் பாளை நசுங்கும். நசுங்கிய இடத்தில் பதநீர் சுரக்காது. மற்ற தொழிலில் கத்தி மழுங்கினால் வேலைதான் தாமதமாகும். இங்கே அன்றைய வருமானமே நின்றுவிடும்.

அதனால் தீட்டுவது தினசரிக் கடமை. மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி, அதன்மேல் அரிவாளை வைத்து இழுப்பார்கள். தீட்டிய அரிவாளைப் போட்டுக்கொள்ள இடுப்பில் அருவாப்பெட்டி. பனையின் பாகங்களைக் கொண்டே செய்தது. அதனோடு பாளையை இடுக்கி நசித்துப் பதப்படுத்தும் கடிப்பு, காலுக்குத் தளைநார், கலயத்துக்குள் பூசச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு பூசினால் பதநீர், பூசாவிட்டால் கள். இத்தனையோடும் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்க வேண்டும். அரிவாளின் கூரும் மரத்தின் உயரமும் சேர்ந்த தொழில் இது. கை தவறினால் கொஞ்சமாகத் தவறுவது என்பதே கிடையாது.

இந்த அரிவாள் கடையில் பாக்கெட்டில் வருவதில்லை. உள்ளூர்ப் பட்டறையில் ஆசாரி அடித்துக் கொடுப்பது. பழைய லாரிப் பட்டையை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் தட்டி நீட்டி, செஞ்சூட்டில் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் போடுவார். தோய்ச்சல் கூடினால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். குறைந்தால் கூர் நிற்காது. அளவு பார்க்க மீட்டர் ஒன்றும் இல்லை. சூட்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்து எடுப்பதுதான். இன்னாருடைய கைக்கு இவ்வளவு கனம், இவ்வளவு வளைவு என்று ஆளுக்குத் தகுந்து செய்து தருகிற ஆசாரி இருந்தால், பக்கத்து ஊரிலிருந்தும் தேடி வருவார்கள்.

உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்ல விஷயம். பனையை வெட்ட வேண்டும் என்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசின் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதுவும் நல்ல விஷயம். மரத்துக்குப் பாதுகாப்பு, கருப்பட்டிக்கு முத்திரை. நடுவில் இருக்கும் மனிதரும் அவர் கை அரிவாளும்தான் எந்தப் பட்டியலிலும் இல்லை. பனையேறிகளின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள்; அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், ஏறுகிறவர் குறையக் குறைய அரிவாள் கேட்கிறவரும் குறைவார். பாளை அரிவாள் அடிக்கத் தெரிந்த ஆசாரிக்கு அடுத்த தலைமுறை எப்படி வரும்?

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தென் மாவட்டம் என்றாலே அரிவாள், அரிவாள் என்றாலே வெட்டு என்று சினிமா எழுதி வைத்துவிட்டது. 2021 செப்டம்பரில் தென் மாவட்டங்களில் அடுத்தடுத்துக் கொலைகள் நடந்தபோது, போலீஸ் பட்டறைகளுக்கு ஒரு உத்தரவு போட்டது. அரிவாள் வாங்க வருகிறவரின் பெயர், முகவரி, எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும்; கண்காணிப்பு கேமரா வைக்க வேண்டும். கொலை நடக்கும் ஊரில் போலீஸ் சும்மா இருக்க முடியாது என்பதும் நியாயம்தான். ஆனால், உலையை ஊதுகிற கையில் திடீரென்று பேனாவையும் கொடுத்து, ‘யார் எதற்கு வாங்குகிறார்’ என்று விசாரிக்கச் சொன்னால் ஆசாரியின் பாடு எப்படி இருக்கும்?

சட்டம் இந்த வித்தியாசத்தை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவைக்கு விலக்கு உண்டு. பிரான்ஸிலும் கத்தியைச் சும்மா எடுத்துக்கொண்டு நடக்க முடியாது. கேட்டால் தக்க காரணம் சொல்ல வேண்டும்.

கெட்ட பெயரிலிருந்து ஒரு கத்தி மீள முடியுமா? உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரைப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு இந்தியா முழுக்கத் தெரிந்த மடக்குக்கத்தி அவர்களுடைய ராம்பூரி. இந்தி சினிமா அதை வில்லன் கையில் கொடுத்தது, அரசு நான்கரை அங்குலத்துக்கு மேல் தகடு கூடாது என்றது, தொழில் படுத்தது. 2023-ல் அதே ஊர், நாற்சந்தியில் 20 அடி உயரத்துக்கு ஒரு ராம்பூரிக் கத்தியைச் சிலையாக நிறுத்தியிருக்கிறது. சிலை வைத்தால் பட்டறையில் ஆர்டர் கூடுமா என்பது வேறு கேள்வி.

வீட்டில் பழைய இரும்புக் கத்தியோ அரிவாளோ, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த கார்பன் ஸ்டீல் ஒப்பினலோ இருந்தால், ஒரு விஷயம். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் கத்தியைவிட இவை சுலபமாகக் கூர் ஏறும். ஆனால் துருவும் சுலபமாக ஏறும். அதிலும் தூத்துக்குடி உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். எலுமிச்சை, புளி, மாங்காய் நறுக்கியதும் உடனே கழுவித் துடையுங்கள். ஈரத்தோடு மடக்கினால் மரக் கைப்பிடி ஊறிப்போய் மறுபடி பிரிக்க வராது. எடுத்து வைக்கும் முன் தகட்டில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தகடு நாளாக ஆகச் சாம்பல் நிறமாகக் கறுக்கும். அது துரு இல்லை, தேய்த்து எடுக்க வேண்டாம். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்காதீர்கள். வாகைக்குளம் ஆனாலும் சென்னை ஆனாலும், சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

(அடுத்த வாரம்: ஆத்தூர் வெற்றிலையும் பாட்டி வீட்டுப் பாக்குவெட்டியும்)